டாம்பா வீடு, சான் டியேகோ வீடு: இரண்டுக்கும் வரி கட்டுபவளின் மதிப்பீடு

வெயில் வேண்டும், பக்கத்தில் கடல் வேண்டும், குளிர்காலத்தில் பனி அள்ளக் கூடாது. சிகாகோ, பாஸ்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் வீடு மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு ஃபுளோரிடாவா, தெற்குக் கலிஃபோர்னியாவா என்று வந்து நிற்கும். எங்களுக்கு இரண்டு இடத்திலும் வீடு இருக்கிறது. 2013-ல் டாம்பாவின் வடக்கே, நியூ டாம்பா பகுதியில் ஒன்று வாங்கினோம். 2021-ல் கணவரின் வேலை மாறியதால் சான் டியேகோவுக்கு வந்து, ஃபோர் எஸ் ரேஞ்ச் பகுதியில் இன்னொன்று வாங்கினோம். டாம்பா வீட்டை விற்கவில்லை. என் தங்கை குடும்பம் அதில் வாடகைக்கு இருக்கிறது. இரண்டு ஊர் வரி பில்லும் இரண்டு ஊர் இன்சூரன்ஸ் கடிதங்களும் என் மேஜைக்குத்தான் வருகின்றன. ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கி, நாலைந்து வருடம் பயன்படுத்திவிட்டு மதிப்பீடு எழுதுவதைப் போலத்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான் டியேகோ தன் நல்ல வானிலைக்கான விலையை முதல் நாளே ரொக்கமாக வாங்கிவிடுகிறது. டாம்பா அதைத் தவணையாக வாங்குகிறது, தவணை எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டு விலையை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள்.

டாம்பா வீடு 1998-ல் கட்டியது. கான்கிரீட் பிளாக் சுவர், மேலே ஸ்டக்கோ பூச்சு, 2,100 சதுர அடி, நான்கு படுக்கையறை, பின்னால் கொசுவலை போட்ட கூடம். அந்த ஊரில் லனாய் என்பார்கள். 2 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்கு வாங்கினோம். சான் டியேகோ வீடு 2004-ல் மரச்சட்டத்தில் கட்டியது, 1,950 சதுர அடி, சின்னக் கொல்லை, அதன் பின்னால் புதர்க்காடு நிறைந்த பள்ளத்தாக்கு. 12 லட்சத்து 80 ஆயிரம் டாலர். சின்ன வீட்டுக்கு ஐந்து மடங்குக்கும் மேல் விலை. எட்டு வருட இடைவெளி இருப்பதால் இந்த ஒப்பீடு முழுதும் நியாயமில்லை. டாம்பா வீடு இப்போது 4 லட்சத்து 50 ஆயிரம் அளவில் போகும். அப்படியே வைத்துக்கொண்டாலும் சான் டியேகோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அந்த மூன்று மடங்கு எதற்கு என்று கேட்டால், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதற்கு. சான் டியேகோ கடற்கரையில் ஆகஸ்ட் பகல் 25, 26 டிகிரி செல்சியஸ், இரவு 19. நாங்கள் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே இருப்பதால் பகலில் நாலு டிகிரி கூடுதல், அவ்வளவுதான். வருடத்துக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள். கடலோரப் பழைய வீடுகள் பலவற்றில் ஏசியே கிடையாது. வடாம் காயப்போட்டால் சாயங்காலம் வரை நம்பிக்கையோடு விடலாம்.

டாம்பாவில் ஆகஸ்ட் பகல் 33, இரவு 24, 25. சென்னையில் வளர்ந்தவருக்கு எண்கள் பயமுறுத்தாது. ஆனால் பிற்பகலில் இரண்டு பக்கக் கடற்காற்றும் நிலத்தின் மேல் மோதி, இடியும் மின்னலுமாகக் கொட்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் முடியும் வரை இது கிட்டத்தட்ட தினசரி நிகழ்ச்சி. வருட மழை சுமார் 125 சென்டிமீட்டர், சான் டியேகோவைப் போல ஐந்து மடங்கு. எனக்கு அந்த மழை உயிர். லனாயில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதற்கு ஈடாக சான் டியேகோவில் எதுவும் இல்லை என்பதை மனதாரச் சொல்வேன். முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கே கேட்காமலே வளரும். இங்கே கறிவேப்பிலை ஒரு தொட்டியில் மெல்ல மெல்ல இலை விடுகிறது. டாம்பாவிலிருந்து செடியைக் கொண்டுவரவும் முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால் கலிஃபோர்னியாவுக்குள் அதற்குத் தடை இருக்கிறது.

கடலும் நேரெதிர். டாம்பா பக்கத்து வளைகுடாக் கடல் ஆகஸ்டில் 30 டிகிரியைத் தொடும், குழந்தைகள் மணிக்கணக்கில் ஊறுவார்கள். பசிபிக்கில் வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் இறங்கி வருவதால் கோடையிலும் 20 டிகிரியைச் சுற்றியே இருக்கும். அந்தக் குளிர்ந்த கடல்தான் சான் டியேகோவின் ஏசி. மே, ஜூனில் காலை முழுக்கச் சாம்பல் நிற மேகம் மூடிக்கொள்வதும் அதனால்தான். "வெயிலுக்காக வந்தோம், சூரியனே காணோமே" என்று ஜூனில் வரும் விருந்தாளிகள் எல்லோரும் கேட்கிறார்கள்.

அதே சூடான வளைகுடாக் கடல்தான் புயலுக்குத் தீனியும் போடுகிறது.

டாம்பா விரிகுடாவை ஒரு பெரும் புயல் நேராக வந்து தாக்கியது கடைசியாக 1921-ல். அதனால் ஊரில் பலருக்கு ஒரு தெம்பு உண்டு. 2022 செப்டம்பரில் இயான் என்ற புயல் டாம்பாவை நோக்கி வருவதாகச் சொல்லப்பட்டு, தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் திரும்பியது. 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் வெகு வடக்கே கரையைக் கடந்தது, ஆனாலும் கடல் ஏறி வந்து டாம்பா விரிகுடாக் கரை வீடுகளை மூழ்கடித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 9 இரவு மில்டன் சரசோட்டா அருகே சியஸ்டா கீயில் கரையைக் கடந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கும் மேல் மழை, பேஸ்பால் மைதானத்தின் கூரைத் துணி கிழிந்து தொங்கியது. எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி இருப்பதால் வெளியேற்ற உத்தரவு வரவில்லை. தங்கை குழந்தைகளோடு ஜன்னல் இல்லாத உள் கழிவறையில் அந்த இரவைக் கழித்தாள். நான் இங்கே போனைக் கையில் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். கான்கிரீட் சுவர் அசையவில்லை, கூரையும் பிழைத்தது. லனாயும், ஒரு பக்க வேலியும் போயின. மின்சாரம் வர நாள் கணக்கானது.

ஒருவர் டாம்பாவில் வீடு வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. லனாயையும் வேலியையும் திரும்பப் போட ஏழாயிரம் டாலருக்கு மேல் ஆனது. இன்சூரன்ஸிலிருந்து ஒரு டாலர்கூட வரவில்லை. ஃபுளோரிடா பாலிசியில் மற்ற சேதங்களுக்கு ஒரு டிடக்டிபிள், அதாவது இழப்பில் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை. புயலுக்குத் தனி டிடக்டிபிள். புயலுக்கானது டாலரில் இல்லாமல் சதவீதத்தில் இருக்கும், வழக்கமாக வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். எங்கள் வீடு 4 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் காப்பீடு ஆகியிருக்கிறது. அப்படியென்றால் முதல் 8,400 டாலர் எங்கள் கையிலிருந்துதான். பல பாலிசிகளில் கொசுவலைக் கூடம் கணக்கிலேயே வராது. வெள்ளச் சேதம் பாலிசியில் அறவே சேராது. அதற்குத் தனியாக மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டும். வீட்டுக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு ஒரு லட்சம். புதிதாக எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், அதனால் புயல் பெயரைக் கேட்ட பிறகு ஓடினால் பயனில்லை. வரைபடத்தில் எங்கள் வீடு குறைந்த அபாயப் பகுதியான எக்ஸ் மண்டலத்தில் இருக்கிறது, கடன் கொடுத்தவர் கட்டாயப்படுத்தவும் இல்லை. இருந்தாலும் வருடம் 700 டாலர் கட்டி எடுத்து வைத்திருக்கிறோம். மில்டனில் டாம்பாவின் வடபகுதியில் நீர் புகுந்த வீடுகளில் பல கடலோரம் இல்லாதவை.

பிரீமியம் ஏறிய கதை இதைவிட முக்கியம். 2013-ல் 1,650 டாலர் கட்டினோம். 2020-ல் 2,400. இப்போது 5,100. இடையில் ஒரு நிறுவனம் எங்களைப் புதுப்பிக்க மறுத்தது, அடுத்தது மூடப்பட்டது. 2022-ல் மட்டும் ஃபுளோரிடாவில் பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் திவாலாயின. தனியார் யாரும் எடுக்காதவர்களுக்காக மாநிலம் நடத்தும் சிட்டிசன்ஸ் என்ற அமைப்பில் 2023-ல் 14 லட்சம் பாலிசிகள் குவிந்தன. பிறகு அவற்றைத் தனியார் நிறுவனங்களுக்குத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். புதுப்பிக்கும் நேரத்தில் ஒரு தனியார் நிறுவனம் சிட்டிசன்ஸ் விலையைவிட 20 சதவீதத்துக்குள் கூடுதலாகக் கேட்டால் அங்கே போயாக வேண்டும், சிட்டிசன்ஸில் தங்க முடியாது. 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, இன்சூரன்ஸ் வழக்குகளில் வக்கீல் கட்டண முறையை மாற்றினார்கள். அதன் பிறகு புதிய நிறுவனங்கள் வந்திருக்கின்றன, ஏற்றமும் நிதானப்பட்டிருக்கிறது. எங்கள் 5,100 அப்படி நின்றிருக்கும் எண்தான், இறங்கிய எண் இல்லை.

இங்கே ஒரு சேவையை மனதாரப் பாராட்ட வேண்டும். காற்றைத் தாங்கும் திறன் குறித்த ஆய்வு ஒன்று உண்டு, விண்ட் மிட்டிகேஷன் என்பார்கள். 120 டாலர் கொடுத்தோம். வந்தவர் பரணில் ஏறி, கூரையின் சட்டங்கள் சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். வெறும் ஆணியா, கிளிப்பா, சுற்றி வளைத்த இரும்புப் பட்டையா என்பதைப் பொறுத்துத் தள்ளுபடி மாறும். நாலு பக்கமும் சரியும் கூரைக்கு ஒரு தள்ளுபடி, ஜன்னல்களுக்கு ஷட்டர் இருந்தால் இன்னொன்று. அந்தத் தள்ளுபடியைத் தந்தாக வேண்டும் என்று ஃபுளோரிடாவில் சட்டமே இருக்கிறது. அறிக்கை ஐந்து வருடம் செல்லும். எங்களுக்கு ஆண்டுக்கு 900 டாலருக்கு மேல் குறைந்தது. இதைச் செய்யாமல் முழு பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

கூரையின் வயதுதான் அங்கே வீட்டின் ஜாதகம். ஷிங்கிள் கூரை 15 வயதைத் தாண்டிவிட்டால் பல நிறுவனங்கள் பின்வாங்கும். 15-க்குக் கீழே இருந்தால் வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. தாண்டியிருந்தால், இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்று ஆய்வில் தெரிந்தால் வயதைச் சொல்லி மறுக்கக் கூடாது. இது 2022-ல் வந்த சட்டம். நாங்கள் அதற்கு முன்பே 18 ஆயிரம் டாலர் போட்டு மாற்றிவிட்டோம். ஏசியும் அப்படித்தான். வருடம் முழுக்க ஓடுவதால் 11 வயதில் ஓய்ந்தது, புதிது 9,500. மாதம் ஒருமுறை அதன் வடிகால் குழாயில் வினிகர் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பாசி அடைத்து நீர் கூடத்துக்குள் வரும். ஊருக்குப் போகும்போது ஏசியை அணைத்துவிட்டுப் போகவும் முடியாது. அணைத்தால் அலமாரியில் பட்டுப்புடவை பூஞ்சை பூத்துவிடும்.

சரி, சான் டியேகோவில் இந்தத் தொல்லை இல்லையா என்றால், வடிவம்தான் வேறு. நாங்கள் வந்த வருடம் இன்சூரன்ஸ் 1,700 டாலர். டாம்பாவோடு ஒப்பிட்டு இது கொள்ளை மலிவு என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்தது. காரணம் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கு. அந்தப் புதர்க்காட்டைப் பார்த்துத்தான் வீட்டையே விரும்பினோம், அதே காட்சிதான் இன்சூரன்ஸ்காரருக்கு அபாயம். இலையுதிர்காலத்தில் உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து சாண்டா ஆனா என்ற வறண்ட காற்று கடலை நோக்கி வீசும். உதடு வெடிக்கும், காய்ந்த புதர் தீக்குச்சியாகும். 2003-ல் சீடர் தீ இந்த மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது, 15 பேர் இறந்தார்கள். 2007 அக்டோபரில் விட்ச் தீ எங்களுக்குப் பக்கத்திலேயே உள்ள ரேஞ்சோ பெர்னார்டோவுக்குள் புகுந்து தெருத் தெருவாக எரித்தது. 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மூண்ட பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களை உலகமே பார்த்தது.

கடிதம் வந்தால் கலிஃபோர்னியாவில் 75 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் நான் பேசாத தரகர் இல்லை. யாரும் எடுக்கவில்லை என்றால் கடைசிக் கதவு ஃபேர் பிளான், சட்டப்படி இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் அமைப்பு. ஆனால் அது அடிப்படையில் தீ, புகை போன்றவற்றுக்கு மட்டும்தான். குழாய் வெடிப்பு, திருட்டு எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு பாலிசி போர்த்த வேண்டும், இரண்டும் சேர்ந்தால் தொகை எங்கேயோ போய்விடும். எங்களுக்கு அதுவரை போகாமல் ஒரு நிறுவனம் கிடைத்தது, 3,900 டாலருக்கு. அதற்கு முன் பரண் காற்றுத் துளைகளுக்கெல்லாம் தீப்பொறி புகாத நுண்ணிய உலோக வலை போட்டோம். சுவரை ஒட்டிய ஐந்தடிக்குள் இருந்த செடிகளையும் மரப்பட்டைத் தூளையும் எடுத்துவிட்டு ஜல்லி கொட்டினோம். வீடுகள் பெரும்பாலும் நெருப்பு நேராக வந்து தொடுவதால் எரிவதில்லை, காற்றில் பறந்து வரும் பொறி உள்ளே போவதால்தான் எரிகின்றன. இந்த வேலைக்கு ஆன செலவு 2,000 டாலருக்கும் கீழே. பிரீமியத்தில் கொஞ்சம் தள்ளுபடியும் கிடைத்தது. தள்ளுபடி இல்லாவிட்டாலும் செய்திருப்பேன். பிள்ளைகள் தூங்கும் வீடு.

நிலநடுக்கம் தனிக்கணக்கு. சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் அது கிடையாது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் பின்வாங்கியதால், 1996-ல் மாநிலம் இதற்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. டிடக்டிபிள் 5 முதல் 25 சதவீதம் வரை. ரோஸ் கேன்யன் பிளவு சான் டியேகோ நகரத்தின் ஊடாகவே ஓடுகிறது. அண்டை வீட்டாரில் பலர் எடுக்கவில்லை, நாங்கள் எடுத்திருக்கிறோம். 15 சதவீத டிடக்டிபிள் என்பதால் சுவர் விரிசலுக்கெல்லாம் உதவாது, வீடே போனால்தான் உதவும். இந்தத் தொகை கீழே நான் போட்டிருக்கும் கணக்கில் சேரவில்லை.

வரிக்கு வருகிறேன். இரண்டு மாநிலமும் பழைய வீட்டுக்காரரை அரவணைத்துப் புதிதாக வருபவரிடம் வாங்குகின்றன, முறைதான் வேறு. கலிஃபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்களித்து வந்த 13-ஆம் முன்மொழிவின்படி, வாங்கிய விலையில் அடிப்படை வரி 1 சதவீதம், அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கானது மேலே கொஞ்சம் சேரும். புதிய குடியிருப்புகளில் சாலை, பள்ளிக்கான மெல்லோ-ரூஸ் என்ற தனிக் கட்டணமும் உண்டு, எங்களுக்கு 3,800 டாலர். எல்லாம் சேர்த்து 18,400. எதிர்வீட்டுப் பெரியவர் வீடு புதிதாகக் கட்டியபோதே வாங்கியவர், அதே அளவு வீட்டுக்கு எங்களைவிட மிகக் குறைவாகக் கட்டுகிறார். எனக்கு அதில் வருத்தமில்லை, அடுத்த வருடம் என் வரி எவ்வளவு என்று எனக்கு இப்போதே தெரியும் என்பது பெரிய நிம்மதி.

ஃபுளோரிடாவில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகை. சுமார் 50 ஆயிரம் டாலர் மதிப்பு கழியும், மதிப்பின் ஏற்றம் ஆண்டுக்கு 3 சதவீதத்தைத் தாண்டாது. நாங்கள் குடியிருந்த வரை வரி 3,500-ஐச் சுற்றியே இருந்தது. வீட்டை விட்டு வந்ததும் சலுகை போய், மதிப்பு சந்தை விலைக்குத் தாவியது. இப்போது 7,600. வீடு விற்பனையாகும்போதும் இதேதான் நடக்கும். அதனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விற்பவரின் வரித் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், மறுவருடம் உங்களுக்கு வருவது உங்கள் விலைக்கான வரி. மாவட்டச் சொத்து மதிப்பீட்டாளர் தளத்தில் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மெல்லோ-ரூஸைப் போலவே அங்கும் சி.டி.டி. என்ற கட்டணம் வரி பில்லிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

மின்சாரத்தில் ஒரு வேடிக்கை நடக்கிறது. சான் டியேகோவில் யூனிட் விலை நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. எங்கள் பில்லில் எல்லாம் சேர்த்து 40 சென்ட், தங்கை பில்லில் 16. இருந்தும் வருடக் கணக்கில் இங்கே 1,900 டாலர், அங்கே 2,900. அவள் வீட்டு ஏசி அவ்வளவு இழுக்கிறது. தண்ணீர் இங்கே 1,500, அங்கே 900. கொலராடோ நதியிலிருந்தும் வட கலிஃபோர்னியாவிலிருந்தும் வருகிற தண்ணீர், போதாததற்குக் கார்ல்ஸ்பாடில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், விலை அப்படித்தான் இருக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வரியைத் தள்ளிவிட்டு இன்சூரன்ஸ், வெள்ளக் காப்பீடு, குடியிருப்போர் சங்கக் கட்டணங்கள், மின்சாரம், தண்ணீர் மட்டும் சேர்த்தால் டாம்பா வீட்டுக்கு வருடம் 10,900. சான் டியேகோ வீட்டுக்கு 8,200. கூரையையும் ஏசியையும் அவற்றின் ஆயுளால் வகுத்துச் சேர்த்தால் டாம்பா 13,000-ஐத் தொடும். மூன்றில் ஒரு பங்கு விலையுள்ள வீட்டை வைத்திருக்க அதிகம் செலவாகிறது. வரியையும் சேர்த்தால்தான் சான் டியேகோ முந்துகிறது. விலையில் மூன்று மடங்கு இடைவெளி இருக்கும் இரண்டு வீடுகள், வருடச் செலவில் ஒன்றரை மடங்கு இடைவெளிக்குள் வந்துவிடுகின்றன. வட்டியை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் சான் டியேகோ எங்கோ போய்விடும், 2021-ல் 3 சதவீதத்துக்குக் கடன் கிடைத்த எங்களுக்கே மாதத் தவணை மூச்சை முட்டுகிறது. இன்றைய வட்டியில் புதிதாக வருபவரை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

இன்னொரு பக்கம் மாநில வருமான வரி. ஃபுளோரிடாவில் கிடையவே கிடையாது. கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் சம்பாதிக்கும் எங்களைப் போன்ற குடும்பத்தின் மேல்பகுதி வருமானம் 9.3 சதவீத அடுக்கில் விழுகிறது. சம்பளக்காரருக்கு டாம்பா புயலில் இழப்பதை இந்த ஒரு வரியிலேயே திரும்பக் கொடுத்துவிடும். ஓய்வு பெற்று, பெரிய வருமானம் இல்லாதவருக்கு இந்தச் சலுகையால் அவ்வளவு பயனில்லை, ஆனால் ஏறும் பிரீமியம் மட்டும் அவரை விடாது. பெற்றோருக்காக ஃபுளோரிடாவில் வீடு பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்பார்ட்மென்ட் வகைக் காண்டோ பற்றிச் சுருக்கமாக: ஃபுளோரிடாக் கடற்கரையில் மலிவாகத் தெரியும் பழைய காண்டோக்களிடம் மிக எச்சரிக்கையாக இருங்கள். 2021 ஜூன் 24 அன்று மயாமி அருகே சர்ஃப்சைடில் ஒரு கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய கட்டடங்களுக்குக் கட்டாய ஆய்வும், பழுதுக்கான சேமிப்பு நிதியும் சட்டமாயின. உயிரைக் காக்கும் நல்ல சட்டம். ஆனால் வருடக்கணக்கில் ஒத்திப்போட்ட செலவு இப்போது இருப்பவர் தலையில் மொத்தமாக இறங்குகிறது. சங்கத்தின் சேமிப்பு நிதி அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என் மதிப்பெண்: வானிலைக்கு சான் டியேகோ 5-க்கு 4½, டாம்பா 3½. அந்த மழைக்காக அரை மதிப்பெண் கூட்டியே போட்டிருக்கிறேன். நிம்மதிக்கு சான் டியேகோ 3½, டாம்பா 2½. வீடு என்ற பொருளாக மட்டும் பார்த்தால், கொடுத்த காசுக்கு டாம்பா 4, சான் டியேகோ 2. முப்பதுகளில் இருக்கும், சேமிப்பு குறைவான, சம்பளம் வரும் குடும்பம் என்றால் டாம்பாதான் என்று சொல்வேன். கான்கிரீட் சுவர், பத்து வயதுக்குள் கூரை, புயலில் முதலில் காலி செய்யச் சொல்லும் வெளியேற்ற மண்டலம் ஏ, பி இரண்டுக்கும் வெளியே என்று பார்த்து வாங்க வேண்டும். வங்கியில் புயல் டிடக்டிபிளுக்குச் சமமான தொகை தொடாமல் இருக்க வேண்டும். கையில் பெரிய முன்பணம் இருந்து, அடுத்த 20 வருடச் செலவு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர் சான் டியேகோவுக்கு வரலாம், பள்ளத்தாக்கு விளிம்பிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி.

எந்த ஊரானாலும் வீட்டைப் பிடித்துப்போன அன்றே, விலை பேசுவதற்கு முன்பே, முகவரியை ஒரு இன்சூரன்ஸ் தரகரிடம் கொடுத்து எழுத்தில் விலை வாங்கிவிடுங்கள். டாம்பா என்றால் விற்பவரிடம் விண்ட் மிட்டிகேஷன் அறிக்கை, கூரை மாற்றியதற்கான பெர்மிட், இதுவரை வெள்ளக் காப்பீட்டில் இழப்பீடு வாங்கியிருக்கிறாரா என்ற விவரம் மூன்றையும் கேளுங்கள். சான் டியேகோ என்றால் மாநிலத்தின் தீ அபாய வரைபடத்தில் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள், மெல்லோ-ரூஸ் எந்த வருடம் முடிகிறது என்றும் கேளுங்கள். எங்களுடையது முடிய இன்னும் வெகுகாலம் இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி, பழைய பகுதியில், அந்தக் கட்டணமே இல்லாத வீடுகள் இருக்கின்றன.